சந்தேகமான ஃபைலை இயக்காமலே உள்ளே என்ன இருக்குனு பார்க்கலாமா? 'ஸ்ட்ரிங்ஸ்' கமாண்ட் எப்படி வேலை செய்கிறது?

2017 மே 12. 'வான்னாக்ரை' என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களைக்கூட முடக்கியது. அந்தப் பரவலுக்குத் தடை போட்டது ஒரு இணைய முகவரி. அந்த முகவரி, வைரஸ் ஃபைலுக்குள்ளேயே யாரும் படிக்கக்கூடிய எழுத்துகளில் கிடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

இப்படிக் கிடக்கும் எழுத்துகளை வெளியே எடுத்துக் காட்டும் எளிய கருவிதான் 'ஸ்ட்ரிங்ஸ்'.

பைனரி ஃபைல் என்றால் என்ன?

ஆப், சாஃப்ட்வேர், போட்டோ எல்லாமே பைனரி ஃபைல்கள்தான். நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். ஆனால் அதற்குள் எரர் மெசேஜ், இணைய முகவரி, ஃபைல் பெயர் போன்றவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். புரோகிராமை கம்பைல் செய்தாலும் இந்த வார்த்தைகள் அழிவதில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஃபைலில் இருப்பது எல்லாமே 0 முதல் 255 வரையிலான எண்கள். இதில் 32 முதல் 126 வரை உள்ளவை ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி, இடைவெளி ஆகியவற்றைக் குறிக்கும். இப்படிப்பட்ட எண்கள் தொடர்ந்து 4 வந்தால், அதை ஒரு வரியாக ஸ்ட்ரிங்ஸ் காட்டும். அவ்வளவுதான் விஷயம்! ஃபைலை அது படிக்கிறதே தவிர, இயக்குவதில்லை.

எப்படிப் பயன்படுத்துவது?

லினக்ஸ் டெர்மினலில் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு ஃபைல் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினால் போதும். குப்பை அதிகம் வந்தால், ஹைஃபனுடன் 'என்' சேர்த்து 8 என்று கொடுங்கள். 8 எழுத்துக்குக் குறைவானவை வராது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இதே பெயரில் ஒரு கருவி உண்டு.

வான்னாக்ரையில் நடந்தது என்ன?

பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ், அந்த வைரஸைச் சோதனைச் சூழலில் ஓடவிட்டபோது, யாரும் பதிவு செய்யாத ஒரு முகவரியை அது தேடுவதைக் கவனித்தார். உடனே அதைத் தானே பதிவு செய்தார். அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் நின்றுவிடும்படி வைரஸ் எழுதப்பட்டிருந்ததால், பரவல் பெருமளவு அடங்கியது. 'டாட் காம்' தவிர்த்து 41 எழுத்து, எண்கள் கொண்ட அர்த்தமில்லாத முகவரி அது. அந்த ஃபைலில் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டினால் அந்த முகவரி வெளிப்படையாகவே தெரியும். ஆனால், ஏற்கெனவே பூட்டப்பட்ட ஃபைல்களை அது மீட்டுத் தரவில்லை.

தமிழ் வார்த்தைகள் தெரியுமா?

சாதாரணமாகத் தெரியாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். 'அம்மா' என்ற சொல்லுக்கு மட்டும் 15 பைட். அவை எல்லாமே 127-க்கு மேற்பட்ட எண்கள் என்பதால் ஸ்ட்ரிங்ஸ் தாண்டிப் போய்விடும். லினக்ஸில் ஹைஃபனுடன் சின்ன 'இ', அடுத்து பெரிய 'எஸ்' கொடுத்தால் தமிழும் வரும், கூடவே குப்பையும் வரும்.

எதுவும் வரலைன்னா ஃபைல் பாதுகாப்பானதா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வைரஸ் எழுதுபவர்கள் வார்த்தைகளை என்கிரிப்ட் செய்தோ, சுருக்கியோ மறைப்பார்கள். வேண்டுமென்றே பொய்யான வார்த்தைகளையும் நுழைப்பார்கள். ஆண்ட்ராய்டு ஏபிகே ஃபைலும் ஒருவகை ஜிப்தான். பிரிக்காமல் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள்தான் தெரியும்.

ஸ்ட்ரிங்ஸிலேயே ஆபத்து இருந்ததா?

ஆமாம். லினக்ஸில் உள்ள ஸ்ட்ரிங்ஸ், அப்போது ஃபைலின் அமைப்பையும் அலசிப் பார்த்தது. அந்தப் பகுதியில் குறைபாடு இருப்பதை 2014 அக்டோபரில் பாதுகாப்பு நிபுணர் மிகால் சலெவ்ஸ்கி வெளியிட்டார். திட்டமிட்டுத் தயாரித்த ஃபைலைக் கொடுத்தால் கருவியே தாக்குதலுக்கு உள்ளாகும் நிலை. ஹைஃபனுடன் 'ஏ' சேர்த்தால் அமைப்பை அலசாமல் முழு ஃபைலையும் வெறும் பைட்டுகளாகப் படிக்கும். பின்னர் வந்த பதிப்புகளில் அதுவே வழக்கமான முறையானது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அப்டேட் செய்துவிடுவது நல்லது.

ஆப் உருவாக்குபவர்கள் கவனிக்க வேண்டியது

பாஸ்வேர்டையோ, சர்வர் சாவியையோ கோடுக்குள் எழுதிவிட்டு 'கம்பைல் ஆகிடுச்சு, யாருக்குத் தெரியப் போகுது' என்று இருந்துவிடக் கூடாது. ஒரே கமாண்டில் அது வெளியே வந்துவிடலாம். ரிலீஸ் செய்யும் முன் உங்கள் ஃபைலில் நீங்களே ஒருமுறை ஸ்ட்ரிங்ஸ் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கண்ணில் படுவது மற்றவர்கள் கண்ணிலும் படும்.