கைவினைச் சந்தையிற் கண்ட வரலாறு

ஒரு நாட்டின் சரித்திரத்தை அரசர்களின் போர்களிலும் பட்டாபிஷேகங்களிலுமே தேடுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. குயவனின் சக்கரத்திலும், நெசவாளியின் தறியிலும், ஏழை இல்லத்தின் மண்சுவரிலும் எழுதப்பட்ட சரித்திரமும் ஒன்று உண்டு. மிஷன் பாடசாலையிற் பயின்று, மேனாட்டு ஓவியர்களின் பெயர்களை மனனஞ் செய்திருந்த நாம் அதனை நேரிற் கண்டது, டெல்லிக்குத் தெற்கே அரியானா மாநிலத்திலுள்ள சூரஜ்குண்டு கைவினைச் சந்தையிலேயாகும்.

தோமர் குல மன்னன் சூரஜ்பால் பத்தாம் நூற்றாண்டில் அமைத்ததாகக் கூறப்படும் படிக்கட்டுக் குளமே அவ்விடத்துக்குப் பெயர் தந்தது. அதன் அயலில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய இச்சந்தை, பெப்ரவரி மாதத்திற் கூடுவது வழக்கம். பாரதத்தின் பல திசைகளிலிருந்தும் வரும் கைப்பணியாளர் தம் பொருளைத் தாமே விற்கின்றனர்.

முதலில் எம்மைக் கவர்ந்தவை பஸ்தார் பகுதியின் தோக்ரா வார்ப்புகள். களிமண் உருவின்மேல் மெழுகு இழைகளைச் சுற்றி அலங்கரித்து, மீண்டும் மண்பூசிச் சூளையிலிட, மெழுகு உருகி ஒழிந்த இடத்தைப் பித்தளைக் குழம்பு நிரப்புகின்றது. அச்சை உடைத்தே உருவை எடுக்கவேண்டுமாதலால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. மொகெஞ்சதாரோவிற் கிடைத்த நடன மாதின் வெண்கலச் சிலையும் மெழுகு வார்ப்பு முறையிற் செய்யப்பட்டதே. நாலாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த வித்தை ஒரு பாயின்மேல் விலைக்கு வைக்கப்பட்டிருந்தது!

அடுத்து நின்றது மிதிலையின் மதுபனி ஓவியங்களுக்கு முன்னால். மணமக்களின் அறைச்சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் தீட்டுவது அந்நாட்டுப் பெண்களின் மங்கல வழக்கம். 1934இல் பீகாரை உலுக்கிய பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோதே, ஆங்கில அதிகாரியான ஆர்ச்சர் அச்சுவரோவியங்களைக் கண்டு வியந்தார். பின்னர் 1966-67இல் கொடிய வறட்சி வந்தது. பட்டினியைத் தணிக்கும் வழியாக, புபுல் ஜெயகர் அனுப்பிய பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியர், அப்பெண்களைக் கடதாசியில் வரையுமாறு ஊக்கினார். சுவரிலிருந்த கலை சோறு தரும் கலையாயிற்று. 1975இல் ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ விருது பெற்றார். மீனவர் குலத்திற் பிறந்து, வீட்டு வேலை செய்து வாழ்ந்த துலாரி தேவியும் 2021இல் அவ்விருதை அடைந்தார். உயர்குலப் பெண்களே பெரிதும் பேணிய கலை எல்லார்க்கும் உரியதாயிற்று என்பதே இதில் நாம் கருதவேண்டிய பெரும் மாற்றம்.

இம்மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் கமலாதேவி சட்டோபாத்தியாயர் முதன்மையானவர். 1952இல் நிறுவப்பெற்ற அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைமையை ஏற்று, அழியுந் தறுவாயிலிருந்த பல தொழில்களை அவர் மீட்டெடுத்தார். அவருக்கும் முன்னரே இக்குரலை எழுப்பியவர் நமது நாட்டிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கண்டி நாட்டுக் கைவினைஞரின் மரபை ஆராய்ந்து 1908இலும், இந்தியக் கைவினைஞனைப் பற்றி 1909இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். இயந்திரத்தின் மலிவுக்கு முன் கைவினைஞன் வீழ்ந்தால், வீழ்வது அவன் மட்டுமன்று, சமுதாயமுமே என்பது அவர் கருத்து.

இவ்வளவும் படித்திருந்த நாம் அன்று செய்ததென்ன? மதுபனிப் பெண்மணி ஒருவரிடம், “இக்கடதாசிக்கு இத்தனை விலையா?” என்று பேரம் பேசினோம். அவர் கோபிக்கவில்லை. மூங்கிற் குச்சியை மையில் தோய்த்து, ஒரு மீனின் செதில்களை ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார். நெடுநேரமாகியும் பாதி மீன்கூட முடியவில்லை. நாம் நாணித் தலைகுனிந்து, கேட்ட விலையைக் கொடுத்தோம்.

கலை வளர்க என்று மேடையில் முழங்குவது எளிது. கலைஞனின் ஒருநாட் கூலியைக் குறையாமற் கொடுப்பதே அரிது. நம்மூர்ப் பனையோலைப் பெட்டியையும் பாயையும் முடையும் கைகளிடத்தும் நாம் இதே பேரத்தையன்றோ பேசிவருகின்றோம்? பெரியோர்கள் அவ்வித்தைகளை மறைக்காது கற்பிக்க வேண்டும். இளைஞர்களாகிய நாம் அவற்றைக் குறைவென எண்ணாது கற்கவும், உரிய விலை கொடுத்து வாங்கவும் முன்வருவோமாக.