ரொத்சைல்ட் தோட்டத்துக்குப் பெயர் வந்த வழி

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் கம்பளையைத் தாண்டினால் புசல்லாவை. அங்கே ரொத்சைல்ட் தோட்டம் என்றால் யாரும் வழி சொல்வார்கள். ஐரோப்பாவின் பெரிய வங்கிக் குடும்பத்தின் பெயர் இந்த மலையில் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தேடப் போனால், எதிர்ப்படுவது இன்னொரு குடும்பப் பெயர்: டி வோர்ம்ஸ்.

வோர்ம்ஸ், ரைன் நதிக்கரையில் உள்ள ஜெர்மன் நகரம். யூதர்களின் பழம்பெரும் ஊர்களில் ஒன்று. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து ராஷி என்ற பேரறிஞர் வந்து படித்துவிட்டுப் போன இடம். அங்கிருந்து வேறு நகரங்களில் குடியேறிய யூதர்களை அவர்களின் ஊரை வைத்தே அழைத்தார்கள். சீர்காழி கோவிந்தராஜனையும் மதுரை சோமுவையும் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும் 'டி' மட்டும் பிரெஞ்சு. 'இன்ன ஊரார்' என்று சொல்வது, கொஞ்சம் பிரபு வாடையும் வீசும். ஜெர்மன் யூதர், பின்னாளில் லண்டன் வாசம், பிரெஞ்சு ஒட்டு: ஒரே பெயரில் மூன்று தேசம்.

பிராங்க்பர்ட்டைச் சேர்ந்த பெனடிக்ட் மோசஸ் வோர்ம்ஸ், மேயர் ஆம்ஷெல் ரொத்சைல்டின் மூத்த மகள் ஜெனட்டை மணந்தார். ரொத்சைல்ட் என்பதும் பழைய வீட்டு அடையாளம்தான். பிராங்க்பர்ட் யூதர் தெருவில் முன்னோர் குடியிருந்த, சிவப்புக் கேடயப் பலகை மாட்டிய வீடு அது. வீடு மாறிய பிறகும் பெயர் கூடவே போனது.

இந்தத் தம்பதியின் பிள்ளைகளான கேப்ரியலும் மோரிசும்தான் இலங்கைக்கு வந்து புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டார்கள். தோட்டத்துக்குத் தங்கள் பெயரை வைக்கவில்லை, தாய்வழிப் பெயரை வைத்தார்கள். பாசமா, கடன் கேட்கும்போது உதவும் என்ற கணக்கா? எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

1841இல் மோரிஸ் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து அதே தோட்டத்தில் நட்டார். ஆனால் அது வணிகமாக எடுபடவில்லை. கோப்பி பொன்னாக விளைந்த காலத்தில் தேயிலை யாருக்கு வேண்டும்? ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டதைத்தான் இலங்கைத் தேயிலையின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அதற்கு முன்பே சகோதரர்கள் விற்றுவிட்டார்கள். கம்பெனிகள் கைமாறின, 1970களில் அரசு எடுத்தது, பிறகு மீண்டும் தனியார். பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

ஐரோப்பாவிலும் குடும்பம் ஏறுமுகம். அண்ணன் சாலமனுக்கு 1871இல் ஆஸ்திரியாவின் பாரன் பட்டம். அவர் மகன் ஹென்றி 1888 முதல் 1892 வரை பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் துணைச் செயலாளர். 1895இல் பிர்பிரைட் பிரபு. ஆண் வாரிசு இல்லாததால் 1903இல் அவரோடு அந்தப் பட்டம் முடிந்தது. இத்தனையும் வம்சாவளி நூல்களில் தலைமுறை தவறாமல் இருக்கிறது.

புசல்லாவையின் அதே மலையில் கோப்பி பறிக்க மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களுக்கும் ஊர்கள் இருந்தன: புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஊர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் கங்காணியின் கணக்கில் ஆளாகவும் லயம் என்ற வீட்டு வரிசையில் ஒரு காம்பிரா அறையாகவும் பதிந்தார்கள். ஊர்ப் பெயர் யாருக்கும் குடும்பப் பெயராகவில்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களிடம்தான் வம்சாவளி கேட்டது. நாட்டில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றது. தலைமுறைகளாக உழைத்த பெரும்பாலானோரிடம் காட்டக் காகிதம் இல்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. அதன் பிறகும் நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 2003இல் வழி திறந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உண்டு என்றது புதிய சட்டம். பூட்டன் எங்கே பிறந்தார் என்று அது கேட்கவில்லை.