ஏழு கன்னியர் மலையும் ஒரு விமான நிலையத்தின் எல்லையும்

ஹல்துமுல்லையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஊரின் இருப்பிடத்தை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரகலைச் சந்தியிலிருந்து பலாங்கொடைப் பக்கமாக இறங்கும் கொழும்பு நெடுஞ்சாலையில், மலைநாட்டின் தெற்கு விளிம்பில் தொங்குவதுபோல அமைந்த ஊர் அது. முதுகுப் பக்கம் அப்புத்தளை மலைச் சுவர். முன்பக்கம் மலை சடாரென்று சரிந்து தென்சமவெளியாக விரிகிறது. மூடுபனி விலகிய காலைகளில் அந்தச் சமவெளியின் கோடிவரை கண் ஓடும்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தச் சமவெளியில் மத்தள சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 3,500 மீற்றர். திறப்பு விழாச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தபோது என் மனம் மத்தளையில் நிற்கவில்லை. அது 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் போய்விட்டது. மலையகத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள உறவை எனக்கு முதன்முதலாக உணர்த்திய மாதம் அது. எங்கள் மலைகளில் சர்வதேச விமான நிலையம் எதுவும் இல்லை. ஆயினும் ஒரு சர்வதேச விமானப் பயணம் எங்கள் மலையில்தான் முடிந்தது.

இலங்கையின் வான் போக்குவரத்து கரையோரச் சமதரையில் பிறந்து வளர்ந்தது. இரத்மலானையில் 1935ஆம் ஆண்டு விமானங்கள் இறங்கத் தொடங்கின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீர்கொழும்புக்கு அருகே பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம், பிற்காலத்தில் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையமாயிற்று. அதன் ஓடுபாதை கடல்மட்டத்தை ஒட்டிய தரையில், தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்புகளும் களப்பும். இதைப் பார்க்கும் எவரும் மலைகளுக்கு நடுவே உள்ள விமான நிலையம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் வாசகர்கள் ஒரு தேசப்படத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். இந்தோனேசியாவின் சுராபாயா நகரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தால், அது இலங்கையின் தென்கிழக்குக் கரையைக் கடந்து, ஊவாவின் தென்விளிம்பைத் தொட்டு, ஹல்துமுல்லைக்கு மிக அருகாகச் சென்று, மஸ்கெலியா மலைகளுக்கு மேலாகக் கட்டுநாயக்காவை அடையும். உண்மையான வான்வழி இந்தக் கோட்டிலிருந்து சற்று விலகிச் செல்லலாம். கிழக்கிலிருந்து வரும் விமானத்துக்கு மலைநாட்டின் வாசல் எது என்பதைக் காட்ட அந்தக் கோடு போதும்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு அந்த வாசல் வழியாக ஒரு விமானம் வந்தது. நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துக்குச் சொந்தமான டி.சி. 8 ரக விமானம் அது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு சுராபாயாவிலிருந்து ஜெத்தாவுக்குப் புறப்பட்டிருந்தது. இடையில் கட்டுநாயக்காவில் தரிப்பதாக ஏற்பாடு. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் ஒன்பது பேர். இரவு பத்து மணி கடந்த சிறிது நேரத்தில், இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்த விமானம், மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலைத்தொடரின் சிகரம் ஒன்றில், சுமார் 4,300 அடி உயரத்தில் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் மிகக் கூடிய உயிர்களைக் கொண்டுபோனது இன்றுவரை அதுதான்.

விமானம் மோதிய இடத்திலிருந்து கட்டுநாயக்கா ஏறக்குறைய 40 கடல்மைல் தூரத்தில் இருக்கிறது. கிலோமீற்றர் கணக்கில் 74. ஓடுபாதையை நெருங்கிவிட்டோம் என்று எண்ணித் தாழ்ந்த விமானம், உண்மையில் மலைநாட்டின் நடுவே இருந்தது.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது? விமானத்தில் இருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியே விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தீர்மானித்தார்கள் என்றும், அவற்றின் காட்டல்கள் பிழையாக விளங்கிக்கொள்ள இடம் கொடுத்தன என்றும் இலங்கையின் விசாரணையாளர் கருதினர். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். டொப்ளர் கருவி தரையை அல்லது கடலை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பிவரும் அலையின் மாற்றத்தைக்கொண்டு விமானத்தின் வேகத்தையும் விலகலையும் அளக்கும். அந்த வேகத்தை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால், கடந்துவந்த தூரம் கிடைக்கும். நீண்ட கடற்பரப்பின்மேல் ஒவ்வொரு மணியும் சேரும் சிறு பிழை, முடிவில் பெரும் பிழையாகிவிடும். வானிலை ராடாரோ முகிலைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. கரையோரத்தின் உருவத்தையும் அது ஓரளவு காட்டும். இருட்டில், அந்த மங்கிய கோட்டை இந்தக் கரை என்றும் கொள்ளலாம், அந்தக் கரை என்றும் கொள்ளலாம்.

ஒரு விமான நிலையம் என்றால் ஓடுபாதையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பயணிகள் மண்டபமும் என்றே நாம் எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகுதி அதற்கு உண்டு. நிலையத்தை மையமாக வைத்து 25 கடல்மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அந்த வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இதற்குக் கீழே வரக்கூடாது என்று ஓர் உயரத்தை விமானிகளின் வரைபடத்தில் குறிப்பார்கள். வட்டத்துக்கு வெளியே ஒவ்வொரு வான்வழிக்கும் தனித்தனியான குறைந்தபட்ச உயரம் உண்டு. படியில் இறங்குவதுபோல, இந்தத் தூரம்வரை இந்த உயரம், அதைத் தாண்டினால் அடுத்த உயரம் என்று விமானம் இறங்கவேண்டும். இந்த முறை முழுவதும் ஒரே ஒரு கேள்வியின் விடையில் தொங்குகிறது: நான் இப்போது எங்கே இருக்கிறேன்? அந்த விடை பிழைத்தால், காலடியில் இல்லாத படியில் கால் வைப்பதுபோலாகும்.

ஏழு கன்னியர் மலை அந்த வட்டத்துக்கும் வெளியே இருந்தது. ஆனால் அன்றிரவு அந்த மலைதான் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் எல்லையாயிற்று. ஒரு விமான நிலையத்தின் எல்லை அதன் முட்கம்பி வேலியோடு முடிவதில்லை. அதை நோக்கி இறங்கும் வழியில் உள்ள கடைசி மலைவரை அது நீள்கிறது.

இதில் வியப்பான ஒரு பொருத்தம் உண்டு. அதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிய டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் ஒரு மலைமுகட்டில் மோதியது. 92 பேர் இறந்தனர். இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, உடனே தாழலாம் என்று விமானி பொருள்கொண்டதால் வந்த வினை அது. அந்த விபத்தின் பின்னரே, தரையை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்தியாக வேண்டுமென்று அமெரிக்கா கட்டளையிட்டது. கனடாவில் பிறந்த டொன் பேற்மன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய கருவி அது. தரை வேகமாக மேலெழுந்து வருவதை உணர்ந்தால், "மேலெழு, மேலெழு" என்று விமானியின் காதில் உரத்துக் கூவும். ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்துக்கு அது காலங்கடந்து வந்த குரல்.

முதலில் வந்த கருவியிலும் குறை இருந்தது. அது கீழே மட்டுமே பார்த்தது. நேரெதிரே செங்குத்தாக நிற்கும் மலையை உரிய நேரத்தில் காணவில்லை. 1990களில்தான், உலகின் மேடுபள்ளங்களையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, செய்மதியின் துணையோடு தன் இருப்பிடத்தை அறிந்து, முன்னே உள்ள மலையையும் எச்சரிக்கும் கருவி வந்தது. அதற்கு முன் நேபாளம் பெரிய விலை கொடுத்துவிட்டது. காத்மண்டு திரிபுவன் விமான நிலையம் 1,338 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1992 ஜூலை 31இல் தாய் எயார்வேய்ஸ் விமானம் ஒன்று அங்கு இறங்க வந்து, திசை மாறி மலையில் மோதி 113 பேர் மாண்டனர். இரண்டு மாதம் செல்வதற்குள், செப்டெம்பர் 28இல், பாகிஸ்தான் விமானம் ஒன்று இறங்குபடியில் ஒரு படி முந்தித் தாழ்ந்து மோதி 167 பேர் மாண்டனர். மலையைத் தினமும் கண்ணால் காணும் காத்மண்டுவிலேயே இப்படியென்றால், மலை கண்ணில் படாத கட்டுநாயக்காவின் விமானிகளை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். 1974ஆம் ஆண்டு மலையக மக்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் மாவும் கிடைக்கவில்லை; லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் செய்த உடன்படிக்கை, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டது. பண்டாரவளையிலும் அட்டனிலும் ரயிலேறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையங்களில் எழுந்த அழுகையை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 5ஆம் திகதி வானொலிச் செய்தியில் விபத்தைக் கேட்டு எங்கள் லயத்து வாசலில் கூட்டம் கூடிற்று. அரைவயிறும் நிரம்பாத அந்த மனிதர்கள், முன்பின் அறியாத இந்தோனேசியர்களுக்காக வாய்விட்டு அழுதார்கள். "மக்காவுக்குப் போன சனமாச்சே, இங்க வந்து விழுந்துச்சே" என்று ஒரு பாட்டி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் அந்த ஆண்டுதான் கப்பலேறியிருந்தார். தூரதேசத்துக்குப் புறப்பட்டவர்கள் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை அவருக்குத் தெரிந்த கவலை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்ட மக்களோ அட்டை ஊரும் காட்டுக்குள் ஏறி, பொலிசாருக்கும் படையினருக்கும் துணை நின்றார்கள். விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது.

இதை ஹல்துமுல்லையிலிருந்து எழுதத் தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது, குடியிருப்போர் வெளியேறவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 1974இல் எச்சரிக்கும் கருவி இல்லை. 2014இல் எச்சரிக்கை இருந்தது. இருந்தும் மக்கள் அதே லயங்களில்தான் உறங்கினார்கள். லயமும் அவர்களுடையதன்று, நிலமும் அவர்களுடையதன்று. எங்கே போவது என்ற கேள்விக்கு அந்த எச்சரிக்கையில் பதில் இருக்கவில்லை. புதிய வீடுகள் ஈராண்டு கழித்து, உயிர்கள் போனபின் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்து, வீதிகளையும் ரயில் பாதையையும் அறுத்தபோது அதே கேள்வி மறுபடியும் எழுந்தது.

பேற்மனின் கருவி உலகெங்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது என்று வான்போக்குவரத்துத் துறையினர் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். அது காத்ததற்குக் காரணம் அதன் குரல் மட்டுமல்ல. அந்தக் குரலைக் கேட்ட விமானிக்கு மேலெழுவதற்கு வானம் இருக்கிறது. மலைச்சரிவில் குரல் கேட்கும் தொழிலாளிக்கு ஏறிச்செல்ல நிலம் வேண்டும். அதைக் கொடுக்காமல் விடுக்கும் எச்சரிக்கை, கோவையில் கிடக்கும் ஒரு கடிதம்.

இன்று தெளிந்த இரவுகளில் ஹல்துமுல்லைக்கு மேலாக மின்னிக்கொண்டு விமானங்கள் போகின்றன. அவற்றில் இருப்போருக்குத் தமக்குக் கீழே என்ன மலை என்பது இப்போது துல்லியமாகத் தெரிகிறது. அந்த மலையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை, அதே துல்லியத்தோடு, தரையில் ஆள்வோரும் அறிந்திருக்கவேண்டும்.