கோட்டுப் போடாத முயல்

1902-இல் வந்த ‘பீட்டர் ராபிட்’ கதையில் தாய் முயல் குடையும் கூடையுமாக ரொட்டி வாங்கப் போகிறாள். மகனுக்கு நீலக் கோட்டு. பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஓவியத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நிஜ முயல் குட்டியை எப்படி வளர்க்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. பதில் சொன்ன படப்புத்தக வரிசை 1930களில் பாரிஸில் பிறந்தது. அதன் வேர் பிராகில் இருந்தது.

பிராகில் பிரான்டிஷெக் பகுலே என்றொரு ஆசிரியர், கைகால் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு வேலையும் பாட்டும் வழியாகவே பாடம் நடத்தி வந்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் லிடா துர்திகோவா. பாரிஸில் ஃபிளாமரியோன் பதிப்பகத்தில் வேலை பார்த்த பால் ஃபோஷேக்குப் பகுலேயின் கல்விமுறை பெரிதும் பிடித்துப்போனது. அந்தத் தொடர்பில்தான் லிடாவைச் சந்தித்தார். 1932-இல் இருவரும் மணந்துகொண்டனர். அதற்கு முந்தைய ஆண்டே ஃபோஷே ‘பெர் காஸ்தோர்’ சிறுவர் வரிசையைத் தொடங்கிவிட்டார்.

புத்தகத்தின் வடிவத்துக்குச் சோவியத் படப்புத்தகங்கள் முன்மாதிரி. பிற்காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் ரஷ்யப் புத்தகம் வாங்கியவர்களுக்கு இது பழகிய சங்கதி: மெல்லிய புத்தகம், பக்கம் நிறையப் படம், மலிவு விலை. படம் போட்டவரும் ரஷ்யர்தான். புலம்பெயர்ந்து பாரிஸ் வந்த ஃபியோதர் ரோஜான்கோவ்ஸ்கி, ‘ரோஜான்’ என்று கையெழுத்திடுவார்.

அந்த வரிசைக்குள் விலங்குக் கதைகள் 1934-இல் ‘பனாஷ்’ என்ற அணிலோடு தொடங்கின. 1939-க்குள் முயல், காட்டு வாத்து, கரடி, சீல், முள்ளெலி, மீன்கொத்தி, குயில் என்று அணிலோடு சேர்த்து எட்டுப் புத்தகங்கள். எழுதியவர் லிடா. அட்டையில் அவர் பெயர் ‘லிடா’ என்று மட்டும்.

விலங்கின் உண்மை வாழ்க்கையைக் கதையாக்குவது லேசுப்பட்ட வேலையல்ல. ஐரோப்பியக் காட்டு முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. ரோமத்தோடு, கண் திறந்தே பிறக்கும் குட்டிகள் சில நாட்களில் புல்வெளியில் ஆளுக்கொரு பக்கம் பதுங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் பிறந்த இடத்தில் கூடும்; தாய் வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். நாளுக்கு ஒரே வேளை. கூடவே இருந்தால் அதன் வாடை நரியை இழுத்து வந்துவிடும். தாய்க்கரடியோ இதற்கு நேர் எதிர். நடுக்குளிர்காலத்தில், குகையில், அன்ன ஆகாரம் இல்லாமல் அரைக் கிலோ அளவே உள்ள குட்டிகளை ஈன்று மாதக்கணக்கில் பாலூட்டும்.

என்னைக் கேட்டால், வரிசையின் துணிச்சல் எட்டாவது புத்தகத்தில் இருக்கிறது. பிறர் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகும் ஐரோப்பியக் குயிலுக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். காக்கைக் கூட்டுக் குயில் கதை நமக்குத் தெரியும். நம் குழந்தைப் பாடங்களிலோ தாய் என்றாலே தியாகம்தான்.

ரோஸ் ஃபைல்மனின் மொழிபெயர்ப்பில் இந்த விலங்குப் புத்தகங்கள் ஆங்கிலத்துக்குப் போயின. இவற்றையும் சோவியத் புத்தகங்களையும் பார்த்த ஆங்கிலப் பதிப்பாசிரியர் நோயல் காரிங்டன், அதே பாணியில் இங்கிலாந்திலும் போடலாம் என்று பெங்குவின் அதிபர் ஆலன் லேனிடம் யோசனை சொன்னார். 1940-இல், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, ‘பஃபின்’ படப்புத்தகங்கள் ஆறு பென்னி விலையில் கடைக்கு வந்தன. ரோஜான் மறு ஆண்டே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1956-இல் அங்கே கால்டிகாட் பதக்கம் பெற்றார்.