புலால் மறுத்தலின் மூன்று அடிப்படைகள்: சிங்கப்பூர்ச் சூழலில் ஓர் ஆய்வு

புலால் மறுத்தலுக்குத் தமிழ் மரபு மூன்று அடிப்படைகளைத் தருகிறது: தூய்மை, கொலையில் பங்கு கொள்ளாமை, ஜீவகாருண்யம். அன்றாட வாழ்வில் இவை ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. உயிரணுக்களிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியை விற்க, உலகில் முதல் நாடாகச் சிங்கப்பூர் 2020 டிசம்பரில் அனுமதி அளித்தது. கொல்லாமலும் இறைச்சி கிடைக்கும் என்ற நிலை வந்தபின், மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒருவர் தமக்கென வகுத்துக்கொள்ளும் ஆன்மிக நெறியை இவற்றுள் முழுமையாகத் தாங்கவல்லது ஜீவகாருண்யமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தூய்மை காலத்தோடும் இடத்தோடும் கட்டுண்டது. புரட்டாசி மாதம், தைப்பூசக் காவடி, தீமிதி ஆகியவற்றுக்காகச் சிங்கப்பூர்த் தமிழர் பலர் புலால் தவிர்க்கின்றனர். சாங்கி வில்லேஜில் ஸ்ரீ ராமர் ஆலயமும், கோழிப் பொரியலோடு நாசி லெமாக் விற்கும் உணவங்காடி நிலையமும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன. விரத நாளில் அந்த உணவங்காடியைத் தவிர்ப்பவர், விரதம் முடிந்ததும் அங்கே சென்று உண்பதில் முரண் காண்பதில்லை. இவ்வழக்கம் நாவடக்கத்தைப் பழக்குகிறது, அப்பயன் சிறிதன்று. ஆனால் இங்கே கவனம் முழுவதும் வழிபடுபவரின் நிலைமீதே இருக்கிறது. விலங்கு படும் துன்பம் கணக்கில் வருவதில்லை.

இரண்டாம் அடிப்படையின் தெளிவான வடிவம் திருக்குறளில் உள்ளது. உண்பதற்காக வாங்குவோர் இல்லையெனில் விலைக்கு ஊன் தருவோரும் இரார் என்று வள்ளுவர் வாதிடுகிறார். தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சியைப் பிக்குகள் ஏற்கலாம் என்ற பௌத்த விதிக்கு இது மறுப்பாக அமைகிறது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நகரில் வள்ளுவரின் வாதம் மேலும் வலுப்பெறுகிறது. ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சி சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறது. அந்த ஆடு கொல்லப்பட்டதை இங்கு உண்பவர் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ஆயினும் அவர் தந்த விலையே அந்தக் கொலையை நடத்துகிறது. தொலைவு பொறுப்பைக் குறைப்பதில்லை.

எனினும் வள்ளுவர் சந்தையோடு நின்றுவிடவில்லை. புலால் மறுத்தலை அருளுடைமைக்கு அடுத்த அதிகாரமாகத் துறவறவியலில் அமைத்திருப்பது, அதை அருளின் விளைவாக அவர் கருதியதைக் காட்டுகிறது. துறவியருக்குரியது என்று ஒதுக்கக்கூடிய இவ்வறத்தை எல்லோருக்கும் உரியதாக்கியவர் இராமலிங்க அடிகள் (1823–1874). கடவுள் அருளைப் பெறும் வழி உயிர்களிடத்துக் கொள்ளும் இரக்கமாகிய ஜீவகாருண்யமே என்பது அவர் நெறியின் மையம். எனவே அவருக்குப் புலால் உண்ணாமை ஒரு விலக்கு மட்டுமன்று. பசி நீக்கும் கடமையின் மறுபக்கம். 1867இல் வடலூரில் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலை இதன் செயல் வடிவம். கொல்லாதவரையே தம் இனத்தாராகக் கொண்ட அவர், பசித்தவருக்கு உணவிடும்போது சாதி, சமயம், செய்கை பார்க்கக் கூடாது என்றார். புலால் உண்பவரின் பசியும் நீக்கப்பட வேண்டிய பசியே.

தாவரத்துக்கும் உயிர் உண்டே என்ற தடை இந்நெறிக்கு எதிராக அடிக்கடி எழுப்பப்படுகிறது. அடிகள் இதை எதிர்பார்த்தே விடை தந்தார். தாவரம் ஓரறிவுடையது, விதை, காய், கனி, இலை ஆகியவற்றைக் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது என்பது அவர் விளக்கம். கிழங்கை வேரோடு அகழ்வதற்கு இவ்விடை முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் எல்லாத் துன்பத்தையும் தவிர்க்க முடியாது என்பதால், தவிர்க்கக்கூடிய பெருந்துன்பத்தைச் செய்யலாம் என்றாகிவிடாது.

உயிரணுக்களிலிருந்து உருவாகும் வளர்ப்பு இறைச்சி இம்மூன்று அடிப்படைகளையும் சோதிக்கிறது. தூய்மை நோக்கில் அது ஊனே. ஆகவே விரதத்துக்கு ஆகாது. வள்ளுவரின் சந்தை வாதமோ வலுவிழக்கிறது: கொலை இல்லையெனில் கொலைக்குத் தரும் விலையும் இல்லை. ஜீவகாருண்யம் இன்னும் நுணுகிக் கேட்கிறது. தொடக்கத்தில் வளர்ப்பு ஊடகத்தில் கன்றுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்க்கப்பட்டது. அது கொல்லப்பட்ட சினைப்பசுவிலிருந்து கிடைப்பது. சீரம் இல்லாத ஊடகத்துக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு 2023 ஜனவரியில் அனுமதி அளித்தபின் இத்தடை பெரிதும் நீங்குகிறது. அப்போதும், விலங்கை உணவாகக் காணும் விருப்பத்தை வளர்ப்பு இறைச்சி வளர்க்கிறதா என்ற கேள்வி எஞ்சும்.

சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ், குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் வளர்ப்பு இறைச்சியை உண்ணலாம் என 2024 பிப்ரவரியில் சமயத் தீர்ப்பு வழங்கியது. இந்துக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பை அவ்வாறு வழங்கவல்ல அமைப்பு இல்லை. முடிவு தனிமனிதரின் மனச்சான்றிடமே விடப்படுகிறது. ஆகவே அவர் எந்த அடிப்படையில் நிற்கிறார் என்பது முதன்மை பெறுகிறது.

ஜீவகாருண்யத்தில் நிற்பவருக்கு மூன்று கடமைகள் தெளிவாகின்றன. விரத நாள் கடந்தும் கொலையால் வந்த உணவைத் தவிர்க்க வேண்டும். புதிய உணவு எதுவாயினும், அதன் ஆக்கத்தில் எவ்வுயிர் துன்புற்றது என்று கேட்டே ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். புலால் உண்பவரை இழிவாக நோக்காமல், பசித்தவருக்கு உணவிட வேண்டும். மூன்றாவதைக் கைவிட்டால் முதல் இரண்டும் மீண்டும் தூய்மைப் பெருமிதமாகச் சுருங்கிவிடும்.