தனி நாடு ஆனால் பென்ஷன் யார் தருவாங்க? ஸ்காட்லாந்து அரசு சொன்னதும் சொல்லாததும்!

"ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" 2014 செப்டம்பர் 18-ம் தேதி அந்த நாட்டு மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இவ்வளவுதான். வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7 சதவீதம். வாக்குப்பதிவு 84.6 சதவீதம்.

கேள்வி சின்னதாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கேள்விகள் ஒன்றிரண்டு இல்லை. கையில் இருக்கும் பவுண்ட் நோட்டு செல்லுமா? மாதம் பிறந்தால் பென்ஷன் வருமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்போமா, வெளியே நிற்போமா? இதற்கெல்லாம் அரசிடம் திட்டம் இருந்ததா, இருந்தால் அதை மக்களிடம் முழுசா சொன்னார்களா என்பதுதான் அங்கே பெரிய சண்டையாகவே மாறியது. விரிவாகப் பார்க்கலாம்.

வாக்கெடுப்புக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது?

ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் உண்டு. கல்வி, சுகாதாரம் போன்றவை அதன் கையில். ஆனால் பிரிட்டனுடனான இணைப்பு என்பது லண்டன் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்குள் வருகிற விஷயம். அதனால் 2012 அக்டோபர் 15-ம் தேதி பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும், ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் அதன்படி தற்காலிகமாக ஸ்காட்லாந்துக்கு மாற்றப்பட்டது.

இல்லாத ஆலோசனையை மறைக்க ஒரு வழக்கா?

முதல் சிக்கல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வெடித்தது. தனி நாடானாலும் உறுப்பினராகத் தொடருவோம் என்றது சால்மண்டின் எஸ்.என்.பி. கட்சி. 2012 மார்ச்சில் ஒரு பிபிசி பேட்டியில், இதுபற்றி அரசின் சட்ட அதிகாரிகளிடம் ஆலோசனை கேட்டீர்களா என்று சால்மண்டிடம் கேட்கப்பட்டது. ஆமாம் என்று அர்த்தம் கொள்ளும்படி அவர் பதில் சொன்னார்.

அப்படி ஒரு ஆலோசனை இருக்கிறதா என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டார் லேபர் கட்சியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் கேத்தரின் ஸ்டிஹ்லர். நம்ம ஊர் ஆர்.டி.ஐ. நடைமுறைக்கு வந்த அதே 2005-ம் ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் தகவல் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இருக்கு என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம் என்றது அரசு. இருக்கிறதா இல்லையா என்பதையாவது சொல்லுங்கள் என்று தகவல் ஆணையர் உத்தரவிட்டார். அரசு விடவில்லை, அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனது.

2012 அக்டோபர் 23-ம் தேதி, அதாவது எடின்பரோ ஒப்பந்தம் கையெழுத்தான எட்டே நாளில், துணை முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்த விஷயத்தில் குறிப்பிட்ட ஆலோசனை எதுவும் இதுவரை பெறப்படவில்லை, இனிமேல்தான் கேட்கப் போகிறோம் என்றார். வழக்கும் கைவிடப்பட்டது.

இல்லாத ஒரு காகிதத்தைக் காட்டாமல் இருக்க மக்கள் வரிப்பணத்தில் வழக்கு நடந்திருக்கிறது! சால்மண்ட் அமைச்சர்களுக்கான நடத்தை விதியை மீறவில்லை என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. சட்ட அதிகாரிகளிடம் ஆலோசனை கேட்டோமா என்பதையே வெளியே சொல்லக்கூடாது என்ற மரபு அந்த விதியிலேயே இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் நம்பிக்கையில் விழுந்த கீறல் ஆறவில்லை.

உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு?

அடுத்தது எண்ணெய். வட கடல் எண்ணெய் வருமானம்தான் தனி நாட்டின் பெரிய பலம் என்று பேசப்பட்டு வந்தது. 2013 மார்ச்சில் நிதி அமைச்சர் ஜான் ஸ்வின்னி, அமைச்சரவை சகாக்களுக்காகத் தயாரித்த ரகசியக் குறிப்பு ஒன்று கசிந்தது. எண்ணெய் வருமானம் ஏறி இறங்கும், அதை நம்பி பட்ஜெட் போடுவது நிச்சயமற்றது, பென்ஷன் செலவின் சுமையும் இனி நம் தலையில்தான் என்ற கவலைகள் அதில் இருந்தன.

ஒரு நிதி அமைச்சர் இப்படிக் கவலைப்படுவது நல்ல விஷயம்தான், கவலைப்படாவிட்டால்தான் தப்பு. மேடையில் அந்தக் கவலையின் சாயல்கூட இல்லை என்பதே எதிர்க்கட்சிகளுக்கு ஆயுதமானது.

2013 நவம்பர் 26-ம் தேதி 'ஸ்காட்லாந்தின் எதிர்காலம்' என்ற வெள்ளை அறிக்கை வந்தது. 650 பக்கங்களுக்கு மேல், அதில் 650 கேள்வி-பதில்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். 2016 மார்ச் 24 சுதந்திர நாள் என்று தேதிகூடக் குறித்திருந்தார்கள். பிரிவினை கேட்கும் ஒரு அரசு இவ்வளவு விவரமாக எழுதி வைத்தது அரிது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் எண்ணெய் விலை பீப்பாய்க்குச் சுமார் 110 டாலர் என்ற மதிப்பீட்டில் கணக்கு ஓடியது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே போய்விட்டது. கசிந்த குறிப்பில் இருந்த எச்சரிக்கைதான் கடைசியில் பலித்தது.

லண்டன் மட்டும் யோக்கியமா?

அதுதான் இல்லை. 'ஆம்' ஜெயித்தால் என்ன செய்வது என்று நாங்கள் திட்டமே போடவில்லை என்பதுதான் பிரிட்டன் அரசின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு. வாக்கெடுப்புக்கு முன் பேச்சுவார்த்தையும் கிடையாது. பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் நிற்பது ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்தில். 2013 ஜூலையில், பிரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் பிரிட்டன் மண்ணாக வைத்துக்கொள்ளும் யோசனை இருப்பதாக கார்டியன் நாளிதழ் எழுதியது. பிரதமர் அலுவலகம் உடனே அதைக் கை கழுவியது.

மறைப்பதில் மட்டுமல்ல, வெளியிடுவதிலும் அரசியல் உண்டு. 2014 பிப்ரவரி 13-ம் தேதி எடின்பரோ வந்த நிதி அமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பிரிந்தால் பவுண்டைப் பங்குபோட மாட்டோம் என்று அறிவித்தார். கூடவே, நிதித்துறைச் செயலாளர் நிக்கோலஸ் மேக்பெர்சன் தனக்கு எழுதிய ஆலோசனையையும் வெளியிட்டார். அதிகாரி அமைச்சருக்குத் தரும் ஆலோசனை ரகசியம் என்று சொல்லும் அரசு, தனக்குச் சாதகமான ஒன்றை மட்டும் வெளியே விடலாமா? 2015-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று, அதை வெளியிட்டிருக்கக் கூடாது என்றது. அதே குழு ஸ்காட்லாந்து அரசையும் விடவில்லை. வெள்ளை அறிக்கையில் கட்சி வாக்குறுதிகளை அரசு ஊழியர்களை வைத்து எழுதியது தவறு என்று கொட்டு வைத்தது.

வாக்கெடுப்புக்கு 11 நாள் முன்னால் வந்த ஒரு கருத்துக்கணிப்பு 'ஆம்' முந்துகிறது என்றதும் லண்டனில் பரபரப்பு. நல்லவேளையாக இங்கிலாந்து வங்கி மட்டும் அவசரகாலத் திட்டங்கள் வைத்திருப்பதாக ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தது.

திட்டம் போடாமல் இருப்பதே உத்தி என்ற அதே பாணியை 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் கேமரூன் அரசு பின்பற்றியது. அந்த முறை அது பலிக்கவில்லை. நாடாளுமன்ற வெளியுறவுக் குழு அதை மிக மோசமான அலட்சியம் என்று கண்டித்தது.

எல்லாத்தையும் வெளியே சொல்லிட முடியுமா?

முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995-ல் நடந்த வாக்கெடுப்பு 50.58-க்கு 49.42 என்று மயிரிழையில் தோற்றது. 'ஆம்' ஜெயித்தால் சந்தை சரியாமல் தாங்கிப் பிடிக்க, பல நூறு கோடி டாலரை மாகாண அரசு ரகசியமாகத் தயார் செய்திருந்தது பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால், சந்தை அன்றைக்கே ஆட்டம் கண்டிருக்கலாம். இதுபோன்ற ரகசியத்தில் நியாயம் இருக்கு. பென்ஷன் கணக்கை மறைப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

இப்போது நிலைமை என்ன?

2022 ஜூனில் ஸ்டர்ஜன் அரசு புதிய ஆவணங்களை ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கியது. 2023 அக்டோபர் 19-ல் மீண்டும் வாக்கெடுப்பு என்றும் அறிவித்தது. ஆனால் லண்டன் அனுமதி இல்லாமல் நடத்த முடியாது என்று 2022 நவம்பர் 23-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். வாக்கெடுப்புக்காக ஒதுக்கி வைத்திருந்த 2 கோடி பவுண்ட், எரிபொருள் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கான நிதிக்குத் திருப்பப்பட்டது. ரகசியக் குறிப்பு எழுதிய ஸ்வின்னி 2024 மே மாதம் முதல் அமைச்சரானார்.

பழைய கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இந்த முறை கொஞ்சம் தெளிவான பதில் கிடைத்தது. முதலில் பவுண்ட்தான், சூழ்நிலை சரியானதும் ஸ்காட்லாந்துக்கென்று தனி நாணயம் என்கிறது 2022 அக்டோபரில் வந்த பொருளாதார ஆவணம். சரி, அது எந்த வருஷம்? ஆவணத்தில் தேதி இல்லை.