டேனிஷ் கூட்டுச்சொல்லின் மூட்டுகள்

டென்மார்க்கின் யெலிங் ஊரில் மன்னர் ஹாரல்ட் நிறுத்திய பெரிய ரூனிக் கல் ஏறத்தாழ கி.பி. 965ஐச் சேர்ந்தது. அதில் நாட்டின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அப்பெயரே ஒரு கூட்டுச்சொல். டேனர் என்ற மக்கட்பெயரோடு எல்லைப்புறக் காட்டைக் குறித்த ‘மார்க்’ நேராக ஒட்டி நிற்கிறது. நடுவே உருபு இல்லை. பழைய நோர்டிக் மொழிகளில் சொற்கள் கூடுவதற்கு இப்படி ஒரு வழி. முன்சொல் ஆறாம் வேற்றுமை உருபேற்று நிற்பது இன்னொரு வழி. இன்றைய டேனிஷின் மிக நீண்ட பெயர்ச்சொற்கள்கூட இவ்விரு வழிகளில் வளர்ந்தவைதாம். அவற்றின் மூட்டுகளைக் காட்டும் பொறுப்பு வேற்றுமை உருபிடமிருந்து ஒரு தனி மெய்க்கும், குரலுக்கும், இறுதியில் அச்சுக்கும் பரவியதையே இங்கே பின்தொடர்கிறேன்.

நடுக்காலத்தில் டேனிஷின் அழுத்தமற்ற உயிர்கள் மெலிந்து ஒரே மங்கலான ‘எ’ ஆயின. வேற்றுமை அமைப்பும் சரிந்தது. பேரப்பிள்ளையைக் குறித்த பழைய ‘பார்னபார்ன்’ என்ற சொல்லில் நடு ‘அ’ பன்மை ஆறாம் வேற்றுமையின் உருபு. இன்றைய ‘பார்னெபார்ன்’ என்பதில் அது பொருளிழந்த ‘எ’ மட்டுமே. நம் இலக்கணம் சாரியை என்று சொல்வதற்கு இது நெருக்கமானது. ஆறாம் வேற்றுமை உருபுகளுள் ‘ஸ்’ மட்டும் தப்பிப் பிழைத்து எல்லாப் பெயர்களுக்கும் பொதுவானது. கூட்டுச்சொல்லுக்குள் அதன் போக்கு வேறு.

‘வீன்கிளாஸ்’ என்றால் வைன் குடிக்கும் கண்ணாடிக் கோப்பை. நடுவே ‘ஸ்’ கிடையாது. சிவப்பு வைனுக்கான கோப்பையோ ‘ரோட்வீன்ஸ்கிளாஸ்’. இந்த ‘ஸ்’ உடைமையைச் சொல்ல வரவில்லை. முன்னே நிற்கும் ‘ரோட்வீன்’ ஏற்கெனவே ஒரு கூட்டு. அதற்குள் ஒரு சிறிய மூட்டு இருக்கிறது. பெரிய மூட்டு இங்கே இருக்கிறது என்று ‘ஸ்’ கைகாட்டுகிறது. சிவப்பு வைன், கோப்பை என்றே கேட்பவர் பிரித்துக்கொள்கிறார். சிவப்பு நிறக் கோப்பை என்றால் ‘ரோட்ட் வீன்கிளாஸ்’ என்று இரு சொற்களாக வரும். உருபாகப் பிறந்த ஒலி அடைப்புக்குறியின் வேலையைச் செய்வது இம்மொழியின் அழகான சாதனை என்பேன். எல்லா இடத்திலும் இவ்வளவு ஒழுங்கு இல்லை. ‘லாண்ட்மாண்ட்’ உழவர், ‘லாண்ட்ஸ்மாண்ட்’ ஒரே நாட்டவர். இங்கே அதே ‘ஸ்’ பொருளையே மாற்றிவிடுகிறது. கீழ் ஜெர்மன் வணிகர்களோடு வந்து பெருகிய ‘-ஹெட்’ ஈற்றுச் சொற்களும், ‘-நிங்’ ஈற்றுச் சொற்களும் கூட்டின் முன்சொல்லாகும்போது பெரும்பாலும் ‘ஸ்’ ஏற்கின்றன.

குரலிலும் மூட்டு கேட்கும். டேனிஷுக்கே உரிய ‘ஸ்டோட்’ என்ற தொண்டை இறுக்கத்தை 1743இல் முதலில் விவரித்தவர் யென்ஸ் பெடர்சன் ஹொய்ஸ்கார்ட். அவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அல்லர், கீழ்நிலைப் பணியாளர். அந்தக் காது வணங்கத்தக்கது. ‘லாண்ட்’ தனித்து வரும்போது ஸ்டோட் உண்டு. ‘லாண்ட்மாண்ட்’ என்பதன் முன்சொல்லில் அது மறைகிறது. அந்த இழப்பைக் கேட்டதுமே சொல் இன்னும் முடியவில்லை என்று காது அறிகிறது. கூட்டுச்சொல்லுக்குத் தலைமை அழுத்தமும் ஒன்றே. டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியரை ‘டான்ஸ்க்லேரர்’ என்று சேர்த்து எழுதுவதும், டேனிஷ்கார ஆசிரியரை ‘டான்ஸ்க் லேரர்’ என்று பிரித்து எழுதுவதும் இந்த அழுத்த வேறுபாட்டைத்தான் கண்ணுக்குக் காட்டுகின்றன.

அசையை மட்டும் நம்பிச் சொல்லைப் பிரிக்க முடியாது. விரைந்த பேச்சில் மங்கலான ‘எ’ அண்டை ஒலிக்குள் கரைந்துவிடுவதால் அசைகளை எண்ணுவதே கடினம். எனவே வரி முடிவில் சொல்லை உடைக்கும் எழுத்துமுறை விதி, மூட்டு தெரியும் இடத்தில் மூட்டுக்கே முதலிடம் தருகிறது. இணைப்பு ‘ஸ்’ முன்சொல்லோடு நிற்கும். மூட்டு இல்லாத இடத்தில்தான் மெய்களையும் உயிர்களையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். 51 எழுத்துகள் கொண்ட புகழ்பெற்ற நிர்வாகச் சொல்லொன்று உண்டு: ஸ்பெசியால்-லேகெ-பிராக்ஸிஸ்-பிளான்-லெக்னிங்ஸ்-ஸ்டபிலிசெரிங்ஸ்-பெரியோடெ. சிறப்பு மருத்துவர்களின் மருத்துவப் பணித் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்பது பொருள். எழுதும்போது இடைவெளியோ சிறுகோடோ இல்லை. ‘லெக்னிங்’, ‘ஸ்டபிலிசெரிங்’ இரண்டுக்கும் பின்னால் ‘ஸ்’ நிற்கிறது. ‘பிராக்ஸிஸ்’ தானே ‘ஸ்’ஸில் முடிவதால் அதற்கு இன்னொன்று தேவைப்படவில்லை.

மூட்டு மறந்துபோன சொற்களில் அசை தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சன்னலைக் குறிக்கும் ‘விண்டுவெ’ ஒருகாலத்தில் காற்று, கண் என்ற இரு சொற்களின் கூட்டு. பழைய மூட்டு ‘விண்ட்’ என்பதற்குப் பின்னே இருந்தது. இன்று வரி முடிவில் ‘வின்-டுவெ’ என்று உடைகிறது. காற்றின் கடைசி மெய் கண்ணோடு போய்விட்டது.

‘பார்செல்’ என்ற சொல்லில் இது இன்னும் ஆழமாகத் தெரிகிறது. பிள்ளைப்பேற்றுக் காலத்தைக் குறிக்கும் இச்சொல், குழந்தை பிறந்ததைக் கொண்டாடும் மது விருந்தான ‘பார்ன்ஸ்-ஓல்’ என்பதன் திரிபு. குழந்தைக்கு உரிய ஆறாம் வேற்றுமை ‘ஸ்’ இன்று ‘பார்-செல்’ என இரண்டாம் அசையின் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் உருபாக உணர்வதில்லை. அதனால் பேறுகால விடுப்பைச் சொல்லும்போது இன்னொரு ‘ஸ்’ சேர்ந்து ‘பார்செல்ஸ்ஒர்லோவ்’ ஆகிறது. அது வரி முடிவில் உடைந்தால் புதிய ‘ஸ்’ ‘பார்செல்ஸ்-’ என மேல் வரியிலேயே நிற்கும்; விடுப்பு அடுத்த வரியில் தொடங்கும்.